ஞாயிற்றுக்கிழமை வோல்டேஜ்

புதிதாகச் சேர்ந்தவர்களின் பயிற்சி வகுப்புக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். ‘ஹோம் தியேட்டருக்குச் சரியான பவர் கண்டிஷனரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?’ என்று தலைப்பையும் நீங்களே போட்டு அனுப்பிவிட்டீர்கள். எங்கள் காலத்தில் பவர் கண்டிஷனர் என்கிற பேரெல்லாம் கிடையாது. கடைக்காரர் ஸ்டெபிலைசர் என்பார், வாங்குகிறவர் பொட்டி என்பார். வேலை என்னவோ ஒன்றுதான். உள்ளே வருகிற கரண்ட் எந்த லட்சணத்தில் வந்தாலும், டிவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் போகிற கரண்ட் ஒழுங்காகப் போக வேண்டும்.

எத்தனை கேவிஏ, எந்த ரேஞ்ச், எவ்வளவு தடிமன் ஒயர் என்பதெல்லாம் கம்பெனிப் புத்தகத்தில் இருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் இல்லாத ஒன்றை நான் தொண்ணூறுகளின் நடுவில் சோமனூர்ப் பக்கம் ஒரு வீட்டில் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்று கௌரவமாகச் சொல்கிறேன். உண்மையில் மானம் போனது. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். பிடிக்காதவர்கள் இப்போதே எழுந்து டீ குடிக்கப் போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அப்போது நம் கம்பெனி என்பது கோயம்புத்தூர் கணபதியில் ஒரு தகரக் கொட்டகை. நான் அதில் பதினொரு வருஷமாக வைண்டிங் மேசையில் உட்கார்ந்திருந்தேன். டிரான்ஸ்ஃபார்மருக்குச் செப்புக் கம்பி சுற்றுகிற வேலை. எட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுற்றுவோம். சுற்றியதைப் பெட்டிக்குள் அடைத்து, வீடு வீடாகக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வருவது ஃபீல்டு ஆட்கள். அவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் ஆண்கள். மாட்டிவிட்டு வந்து, ஏதாவது கோளாறு என்றால் “வைண்டிங் சரியில்லீங்க” என்று எங்கள் தலையில் பழியைப் போட்டுவிட்டு பீடி பற்றவைக்கப் போய்விடுவார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் மண்டியது. ஒரு நாள் நேராக முதலாளியிடம் போய், “சார், நானும் ஃபீல்டுக்குப் போறேனுங்க” என்று சொல்லிவிட்டேன்.

முதலாளி என்னைவிட இரண்டு வயது சின்னவர். பாலிடெக்னிக் முடித்துவிட்டுத் தொழில் தொடங்கியவர். யோசிக்க வேண்டிய விஷயம் வந்தால் பேனா மூடியால் காதைக் குடைவார். அன்றைக்கு நெடுநேரம் குடைந்தார்.

“மூணு மாசம் பாக்கலாங்க, பிலோமினா. ஆனா ஒண்ணு. கம்ப்ளெயின்ட் புக்குல உங்க பேருக்கு நேரா ஒரு வரி விழுந்தாலும் மறுபடி வைண்டிங்குதானுங்க. அப்பறம் எங்கிட்ட வந்து அழுவக் கூடாது.”

“சரிங்க” என்றேன். அந்தக் கம்ப்ளெயின்ட் புத்தகம் வாசலில் நூல் கட்டித் தொங்கும். அதில் ஃபீல்டு ஆட்கள் பேருக்கு நேரே பக்கம் பக்கமாக வரிகள் உண்டு. அவர்களுக்கு எத்தனை வரி விழுந்தாலும் செல்லும், எனக்கு மட்டும் ஒன்று. இதை நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வெளியே போனால் போதும் என்றிருந்தது.

அந்த மகராசன்கள் இரண்டு பேரும் எனக்கு வார நாட்களை விட்டுத் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமையைத் தூக்கிக் கொடுத்தார்கள். அன்றைக்கு வீட்டுக்காரர் வீட்டில் இருப்பார், நின்று பேசி முடிவெடுக்க வசதி என்று பெருந்தன்மை வேறு. நானும் காலையில் முதல் பூசை பார்த்துவிட்டு, ஜெபமாலையும் மல்டிமீட்டரும் ஒரே பையில் கிடக்க, கோயில் வாசலிலிருந்தே பஸ் ஏறிவிடுவேன். மற்ற நாட்களில் கொட்டகையில் பெட்டி அடைக்கிற வேலை.

இரண்டாவது வாரமே சோமனூர்ப் பக்கத்து நாச்சிமுத்து அண்ணன் வீடு வந்தது. பன்னிரண்டு விசைத்தறி வைத்திருந்தவர். வீட்டுக்கு ஒட்டினாற்போலவே தறிக்குடோன். அவருடைய மச்சான் சிங்கப்பூரில் இருந்தார். அவர் ஒரு தடவை வந்தபோது இருபத்தொன்பது இன்ச் டிவி, விசிஆர், ஆம்ப்ளிஃபயர், இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் என்று கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார். அது நாச்சிமுத்து அண்ணனின் மனைவி ருக்மணி அக்காவுக்குக் கூடப்பிறந்த அண்ணன் செய்த சீர். அதை ஒரு தூசி படாமல் வைத்திருந்தார் அக்கா. ஸ்பீக்கருக்குக்கூடப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார். பாட்டு கொஞ்சம் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரிதான் வரும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மீட்டரை எடுத்து அளந்தேன். இருநூற்று முப்பத்திரண்டு வோல்ட். சும்மா வந்தவளில்லை நான், பத்து மணிக்கு ஒரு தடவை, பன்னிரண்டுக்கு ஒரு தடவை, சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு ஒரு தடவை என்று மூன்று தடவை அளந்தேன். முள் அடித்து வைத்த ஆணியாக நின்றது.

“ரொம்ப சுத்தமான கரண்டுங்கண்ணா. நான் பாத்ததுலயே இதுதான் நல்ல லைன். பெரிய பொட்டியெல்லாம் வேண்டியதில்லீங்க. ஒரு சின்ன ரிலே ஸ்டெபிலைசர் போதுமுங்க.”

நாச்சிமுத்து அண்ணன் ருக்மணி அக்காவைப் பார்த்தார். அக்கா மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

“சரிங்க மேடம். நீங்க பாத்துச் சொன்னாச் சரிங்க” என்றார் அண்ணன்.

“ஊரும் எவ்வளவு அமைதியா இருக்குதுங்க!” என்று ஒரு பாராட்டையும் சேர்த்துக்கொண்டேன்.

“அமைதிங்களா?” என்று ஒரு கணம் விழித்தார். பிறகு, “ஆமாங்க, அமைதிதானுங்க” என்றார்.

சோமனூர் என்றால் தறி என்று கோயம்புத்தூரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். குடோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இலையில் சாப்பிட்டேன். சனிக்கிழமை கூலி கொடுத்துவிட்டு, ஞாயிறு ஒரு நாள் அந்தச் சுற்றுவட்டாரம் முழுக்கத் தறி நிற்கும் என்பதும் தெரியும். அத்தனையும் தெரிந்தும் மண்டையில் ஏறவில்லை. மீட்டர் கையில் இருந்தால் கண்ணுக்கு மீட்டர் மட்டும்தான் தெரியும், பிள்ளைகளே. இந்த வியாதி உங்களில் பாதிப் பேருக்கு இப்போதே இருக்கிறது.

பெட்டியை மாட்டிவிட்டு வந்த மூன்றாம் நாள் போன் வந்தது.

“ஒண்ணுமில்லீங்க மேடம், சும்மாதானுங்க. சாப்ட்டாச்சுங்களா?”

“ஆச்சுங்கண்ணா. பொட்டி எப்படி இருக்குதுங்க?”

“அருமைங்க. பகல்ல மட்டும் கொஞ்சம் தாளம் போடுதுங்க. நல்லாத்தானுங்க இருக்குது கேக்க.”

போனில் பின்னால் ‘சோ’வென்று சத்தம். “அங்க நல்ல மழைங்களாண்ணா?” என்று கேட்டேன்.

“மழைங்களா?” என்று திருப்பிக் கேட்டார். “ஆமாங்க, மழைதானுங்க” என்றார்.

அந்த ஊரில் மழை பெய்து நாலு மாதம் ஆகியிருந்தது. தறிச் சத்தத்தை நான் மழை என்கிறேன், அந்த மனிதர் அதற்கும் தலையாட்டுகிறார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனவள் சொல்வதை மறுத்துப் பேசுவது அவருக்கு வராது. நானும் என் நோட்டில் ‘கஸ்டமர் மிகவும் திருப்தி’ என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்த போனில், டிவியில் படம் நாலு பக்கமும் சுருங்குகிறது என்றார். உடனே, “ஆளுக கொஞ்சம் ஒல்லியாத் தெரியறாங்க. அதுவும் பாக்க அழகாத்தானுங்க இருக்குது” என்று அவரே சமாதானமும் சொன்னார். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிப் போனேன். முள் அதே இருநூற்று முப்பத்திரண்டு. படம் திரை நிறைய, பாட்டு கணீரென்று. தாளமும் இல்லை, ஒன்றும் இல்லை.

“நல்லாத்தானுங்கண்ணா இருக்குது!”

“நீங்க வந்தா நல்லாயிருதுங்க மேடம்” என்றார் அண்ணன். கேலி இல்லை, நிஜமாகவே அப்படித்தான் சொன்னார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ருக்மணி அக்காவிடம், “டேப் பழசா இருக்கும்ங்க அக்கா, வேற டேப் போட்டுப் பாருங்க” என்று அறிவுரை சொல்லிவிட்டு, அவர் போட்ட இரண்டாவது கரண்டி பாயசத்தையும் குடித்துவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்து இன்னொரு ஞாயிறும் போனேன். அதே முள், அதே பாயசம். அதற்குப் பிறகு போன் வருவது நின்றுபோனது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். மூன்று மாதக் கெடுவில் இன்னும் மூன்று வாரம்தான் பாக்கி. புத்தகத்தில் என் பேருக்கு நேரே ஒரு வரி இல்லை. ஃபீல்டு ஆட்கள் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்த ஆரம்பித்திருந்தார்கள்.

அப்போதுதான் கருமத்தம்பட்டி கோயிலில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. புதன்கிழமை. பூசை முடிந்து, கல்யாணச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பக்கத்தில்தானே நாச்சிமுத்து அண்ணன் வீடு, பட்டுப்புடவையோடு ஒரு எட்டுப் போய்ப் பெருமையாகத் தலையைக் காட்டிவிட்டு வரலாமே என்று தோன்றியது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்த ‘மழை’ கேட்டது.

வெயில் மண்டையைப் பிளக்கிறது, மழை மட்டும் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. வீதியின் இரண்டு பக்கமும் எல்லாக் குடோனிலும் தறி ஓடுகிறது. எதிரே வந்தவர் என்னிடம் ஏதோ கேட்டார், வாய் அசைந்தது, பேச்சு கேட்கவில்லை. நான் நடுவீதியில் நின்றுவிட்டேன். ‘அடிப் பாவி, பிலோமினா!’ என்று வாய்விட்டே சொன்னேன். அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

வீட்டுச் சுவர் தடிமன் போல, வாசலில் ஏறியதும் சத்தம் பாதியாக அடங்கியது; எட்டிப் பார்த்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய திரையின் நடுவில் படம் ஒரு தலையணை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது, சுற்றிலும் கறுப்பு. ருக்மணி அக்கா நாற்காலியைத் திரைக்கு ஒரு முழத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்க்கிறார். நான் மாட்டிய ஸ்டெபிலைசரை இரண்டு போர்வையால் சுற்றி, மேலே ஒரு தலையணையை வைத்து அமுக்கியிருந்தார்கள். அதையும் மீறி உள்ளேயிருந்து ‘டக்... டக்டக்... டக்’.

நாச்சிமுத்து அண்ணன் என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்து, தோளில் கிடந்த துண்டை விரித்து டிவியை மறைத்துக்கொண்டு நின்றார்.

“வாங்க மேடம், வாங்க! டிவியெல்லாம் நாங்க பாக்கலீங்க. சும்மா போட்டு வெச்சிருக்கறமுங்க.”

துண்டுக்குப் பின்னாலிருந்து யாரோ ஒரு கதாநாயகி அழுதுகொண்டிருந்தாள்.

பட்டுப்புடவையோடு குடோனுக்குள் ஓடினேன். அங்கே போர்டில் மூன்று ஃபேஸ் மீட்டர் இருந்தது. நானூற்றுப் பதினைந்தில் நிற்க வேண்டிய முள் இருநூற்றுத் தொண்ணூறில் தொங்கியது. கணக்குப் போட்டால், அதில் ஒரே ஒரு ஃபேஸாக வீட்டுக்கு வருவது நூற்று அறுபத்தேழு. நான் கொடுத்த பெட்டி நூற்று எண்பதுக்குக் கீழே வேலை செய்யாது, வருகிறதை அப்படியே டிவிக்கு அனுப்பும். வீதியில் நாலு தறி நின்றால் வோல்டேஜ் ஏறும், பெட்டிக்குள் இருக்கிற ரிலே ‘டக்’கென்று பிடித்துக்கொள்ளும். நாலு தறி ஓடினால் இறங்கும், விட்டுவிடும். நாள் முழுக்க இதுதான் தாளம்.

திரும்பி வந்து, “ஏனுங்கண்ணா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா?” என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“சொன்னனுங்களே. தாளம் போடுதுன்னு சொன்னனுங்க. ஆளுக ஒல்லியாத் தெரியறாங்கன்னும் சொன்னனுங்க.”

அவர் கணக்கில் அது புகார். அதுவும் கடுமையான புகார். எனக்குத்தான் அந்தப் பாஷை புரியவில்லை.

“சரிங்க, அப்பறம் ஏன் போனே பண்ணலீங்க?”

அவர் துண்டை மடிக்க ஆரம்பித்தார். ருக்மணி அக்காதான் மெதுவாகச் சொன்னார். “பண்ணினாருங்க மேடம். கம்ப்ளெயின்ட்டே குடுத்தர்லாம்னு பண்ணினாரு. உங்க ஆபீஸ்ல ஒருத்தரு எடுத்தாருங்க. ‘தாராளமா எழுதிக்கறோம், ஆனா எழுதினா அந்தம்மா ஃபீல்டு வேலை போயிரும், பரவாயில்லீங்களா’ன்னு சிரிச்சுட்டே கேட்டாருங்களாமா. இவரு போன வெச்சுப்போட்டாரு.”

“ஒரு பொட்டிக்காகப் போயி ஒரு பொம்பளப் புள்ள பொழப்புல மண்ணப் போடறதுங்களா?” என்றார் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு. “நமக்கென்னங்க, கொஞ்சம் கிட்ட உக்காந்து பாத்தாப் போச்சு.”

எட்டு வாரம். கூடப்பிறந்தவர் செய்த சீரைப் போர்வைக்குள் அமுக்கி வைத்துக்கொண்டு, நான் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் போர்வையை எடுத்து மறைத்துவிட்டு, எனக்குப் பாயசமும் ஊற்றியிருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அதே நேரத்தில் மனசின் ஒரு மூலை இன்னொரு கணக்கும் போட்டது. இவர்கள் வாயைத் திறக்கப் போவதில்லை. இன்னும் மூன்று வாரம் ஓட்டிவிட்டால் ஃபீல்டு வேலை எனக்கு நிச்சயம். அதற்கப்புறம் சத்தமில்லாமல் வந்து பெட்டியை மாற்றிக்கொள்ளலாம். பஸ்ஸில் கணபதி வந்து சேருகிறவரை அந்தக் கணக்கு என்னை விடவில்லை. கல்யாணச் சாப்பாட்டை மறந்தே போனேன்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கம்ப்ளெயின்ட் புத்தகத்தை எடுத்தேன். ‘சோமனூர் நாச்சிமுத்து அவர்கள் வீடு. லைனை ஞாயிற்றுக்கிழமை மட்டும் அளந்து தவறான ஸ்டெபிலைசர் கொடுக்கப்பட்டது. கொடுத்தவர்: பிலோமினா. புகார் செய்பவர்: பிலோமினா’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். துணிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

முதலாளி படித்தார். பேனா மூடி காதுக்குப் போனது.

“கஸ்டமர் கம்ப்ளெயின்ட் புக்குல கஸ்டமர்தானுங்க எழுதோணும். நீங்களே உங்க மேல எழுதினா எப்படிங்க?”

“அவரு சொல்ல மாட்டாருங்க சார்.”

“அதெப்படிங்க சொல்லாம இருப்பாரு?” என்று போனை எடுத்து நம்பரைச் சுழற்றினார். “ஏனுங்க, கணபதி ஸ்டெபிலைசர் கம்பெனிலிருந்து பேசறனுங்க. பொட்டி எப்படிங்க வேலை செய்யுது? ... அப்படிங்களா? ... தாளம் போடுதுன்னு சொன்னாங்களே? ... இல்லீங்களா? ... படம் சுருங்குதுன்னு... அதும் இல்லீங்களா?”

என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அருமையா இருக்குதாமாங்க. ஒரு குறையும் இல்லியாமா” என்று போனைப் பொத்திக்கொண்டு சொன்னார்.

“பொய்யுங்க சார்! என்னைக் காப்பாத்தறதுக்குப் பொய் சொல்றாருங்க!” என்று கத்தினேன். என் மேல் குறை இருக்கிறது என்று நான் சத்தியம் செய்கிறேன், குறையே இல்லை என்று கஸ்டமர் சத்தியம் செய்கிறார். வைண்டிங் மேசையில் மீதி ஏழு பேரும் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள்.

முதலாளி மறுபடி போனைக் காதில் வைத்துக் கேட்டார். புருவம் ஏறியது. போனை என் பக்கம் நீட்டினார். அந்தப் பக்கம் நாச்சிமுத்து அண்ணன், “நல்லாத்தானுங்க, நல்லாத்தானுங்க” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவருக்குப் பின்னால், தறி மழைக்கு நடுவில், ‘டக்... டக்டக்... டக்’.

“பொட்டியே கம்ப்ளெயின்ட் பண்ணுதுங்க” என்றார் முதலாளி.

அதற்கப்புறம்தான் நீங்கள் கேட்ட விஷயம், அதாவது தேர்ந்தெடுக்கிற விஷயம். முதலாளி முதலில் சர்வோ போடலாம் என்றார். உள்ளே சின்ன மோட்டார் வைத்தது. டக் டக் கிடையாது, மெதுவாக ஏற்றி இறக்கும். நானும் சரி என்றிருப்பேன், முன்தினம் வாங்கிய அடி மட்டும் இல்லாதிருந்தால். போனை வாங்கி, “ருக்மணி அக்காகிட்டக் குடுங்கண்ணா” என்றேன். அக்காவிடம் வோல்டேஜைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எப்போது டிவி பார்ப்பீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

“முக்கியமா ஒரு மணிக்குங்க மேடம். அப்பத்தானுங்க சோத்துக்கு எல்லாத் தறியும் ஒருக்கா நிக்கும். வசனம் காதுல உழுகும்.”

இந்த ஒரு பதில்தான் பெட்டியை முடிவு செய்தது. ஒரு மணிக்கு வீதி முழுக்கத் தறி ஒரே நேரத்தில் நின்றால், நூற்று அறுபத்தேழில் கிடக்கிற வோல்டேஜ் கண்மூடித் திறப்பதற்குள் இருநூற்று முப்பதுக்கு எகிறும். சர்வோ மெதுவாக இறங்கி வருவதற்குள் டிவிக்கு முந்நூறுக்கு மேல் போய்விடும். இல்லாவிட்டால் கட்டாகும், சரியாக அக்கா பார்க்கிற நேரத்தில். இதற்குத் தாக்குப்பிடிக்கிறது கான்ஸ்டன்ட் வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுதான். நாங்கள் சிவிடி என்போம். அசைகிற பாகம் எதுவும் கிடையாது, எவ்வளவு எகிறினாலும் வெளியே கொடுப்பது மாறாது. அதற்கு ஒரே ஒரு கெட்ட குணம், நாள் முழுக்க வண்டு மாதிரி ‘ம்ம்ம்’ என்று உறுமும். பாட்டு கேட்கிற வீட்டில் யாரும் அதை வைக்க மாட்டார்கள்.

“தறி ஓடற ஊர்ல அந்த உறுமல் ஆருக்குங்க சார் கேக்கும்? சோத்து நேரத்துக்கு வெளிய நடையில வெச்சுட்டாப் போச்சுங்க” என்றேன்.

“ஞாயித்துக்கெழம கேக்குமே?”

“ஞாயித்துக்கெழமதான் கரண்ட் சுத்தமா இருக்குதுங்களே! அன்னிக்கி எதுக்குங்க சிவிடி? ஒரு சுவிட்ச் வெச்சு மாத்திப்போட்டா, அன்னிக்கி மட்டும் என்ற பழைய பொட்டியே போதுமுங்க.”

முதலாளி காதிலிருந்து பேனா மூடியை எடுத்தார். “சரிங்க. நூத்தி நாப்பதுலிருந்து தாங்கற மாதிரி ஸ்பெஷலாச் சுத்தோணும். நீங்களே சுத்திருங்க” என்றார்.

ஆக, மறுபடி வைண்டிங் மேசைதான். ஃபீல்டு ஆட்கள் இரண்டு பேரும் மேசைப் பக்கம் வந்து, “என்னங்க மேடம், சொந்த ஊருக்கு வந்துட்டாப்பல இருக்குது” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினேன். என் ஆயுசில் அவ்வளவு ஒழுங்காக நான் எதையும் சுற்றியதில்லை.

அடுத்த புதன்கிழமை முதலாளியே வேனை எடுத்துக்கொண்டு வந்தார். அக்குளில் கம்ப்ளெயின்ட் புத்தகம். குறை தீர்ந்தது என்று கஸ்டமர் அதில் கையெழுத்துப் போட வேண்டும், அப்போதுதான் அந்த வரி முடியும். முடிந்த பிறகு என்னை என்ன செய்வதாக உத்தேசம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வழி நெடுக அவர் பருத்தி விலையைப் பற்றிப் பேசினார், நான் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன்.

நடையில் சிவிடியை வைத்து, உள்ளே ஒயர் இழுத்து, சுவிட்சுக்கு ஒரு பக்கம் ‘தறி நாள்’, இன்னொரு பக்கம் ‘லீவு நாள்’ என்று எழுதி ஒட்டினேன். டிவியைப் போட்டோம். படம் திரை நிறைய வந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணி அடித்தது. வீதி முழுக்கத் தறி ஒன்றாக நின்றது. காதை அடைக்கிற அமைதி. மீட்டரில் உள்ளே வருகிற முள் பாய்ந்து ஏறியது. திரையில் ஒரு மினுக்கல்கூட இல்லை. கதாநாயகி கன்னமும் தோளுமாகத் தளதளவென்று இருந்தாள். வெளியே நடையில் மட்டும் ‘ம்ம்ம்’.

முதலாளி அக்குளிலிருந்த புத்தகத்தை எடுத்து நீட்டினார். “குறை தீந்துபோச்சுன்னு ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணா.”

நாச்சிமுத்து அண்ணன் புத்தகத்தை வாங்கி முழுக்கப் படித்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“குறையே இல்லீங்களே. இல்லாத குறை தீந்துதுன்னு எப்படிங்க கையெழுத்துப் போடறது? மேடம் கோச்சுக்கக் கூடாது, இதுல எழுதியிருக்கறது தப்புங்க.”

அவ்வளவுதான், ருக்மணி அக்காவுக்குப் பொறுமை அறுந்தது.

“அட, போதும் நிறுத்துங்க! குறையில்லியாமா, குறை!” என்று புருஷனை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, என் பக்கம் திரும்பினார். “இப்பச் சொல்றேன் கேட்டுக்க, அம்மணி. பொட்டியா அது? அத ஊட்டுக்குள்ள வெச்ச நாளா எனக்குத் தலைவலி. ஒறம்பரைக வந்தா ‘என்ன, பல்லி கத்துது’ங்கறாங்க. எத்தன நாளைக்கி நான் பல்லின்னே சொல்லுவேன்? என்ற அண்ணன் ஆசையாக் கொண்டாந்து குடுத்த டிவி, அதுல மனுசரெல்லாம் வத்தலாட்ட எளைச்சுப்போய்க் கெடக்கறாங்க. நீ ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து, பாயசத்தக் குடிச்சுபோட்டு, ‘நல்ல கரண்டு, நல்ல கரண்டு’ன்னு சொல்லிப்போட்டுப் போற. என்ற டேப்பு பழசுங்கற! புது டேப்பு தெரியுமா அது? தறிக்காரன் ஊட்டுல வந்து நின்னுட்டு ஊரு அமைதியா இருக்குதுன்னியே, உனக்குக் காதுன்னு ஒண்ணு இருக்குதா, இல்ல அதுவும் நூத்தி எண்பதுக்கு மேலதான் வேலை செய்யுமா?”

எட்டு வாரத்துக்கும் சேர்த்து வந்தது. எனக்குத் தலை நிமிரவில்லை. கண்ணில் தண்ணீர். ஆனால் அந்த வீட்டில் அத்தனை நாளும் ‘மேடம்’ ஆக நின்றவள், முதல் தடவையாக அன்றைக்குத்தான் நிம்மதியாக நின்றேன்.

முதலாளி என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பேனாவைத் திறந்து, “அக்கா, இதையெல்லாம் கம்ப்ளெயின்ட்டா எழுதிக்கலாமுங்களா?” என்று கேட்டார்.

ருக்மணி அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏனுங்க, கம்ப்ளெயின்ட்டுங்கறது வேத்தாளு மேல குடுக்கறதுங்க. நான் இவள வைஞ்சுட்டிருக்கறேன். நடுவுல நீங்க ஆருங்க?”

முதலாளி பேனாவை மூடினார். அப்புறம் மறுபடி திறந்து, நான் எழுதியிருந்த வரியின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். “கஸ்டமர் குறை இல்லைங்கறாரு” என்று பக்கத்தில் எழுதினார்.

சாப்பாடு முடிகிற வரைக்கும் அக்கா வைதுகொண்டேதான் பரிமாறினார். ஒன்று மறந்துபோனால் சமையலறைக்குள் போய் ஞாபகப்படுத்திக்கொண்டு வந்து வைதார். திரும்பி வருகிற வழியிலும் முதலாளி பருத்தி விலையையே பேசினார். அவிநாசி ரோடு ஏறிய பிறகு, முன்னால் பார்த்தபடியே சொன்னார்:

“திங்கக்கெழம பல்லடத்துல ஒரு ஃபீல்டு வேலை இருக்குதுங்க, பிலோமினா. நீங்களே போயிட்டு வந்துருங்க.”